பீலிக்குக் கீழே ஒரு சாண் கறை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, "நான் பிரஷ் பிடிச்ச கை, பேனை பிடிச்சுப் பழக்கமில்லை" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "வெளிச்சுவர்க் கறை எடுக்கிறதிலை உங்களை விட்டா ஆர் அண்ணை இருக்கினம்? புதுசா வந்த பெடியளுக்கு நாலு விசயம் சொல்லுங்கோ" என்றார். யாராவது புகழ்ந்தால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குணத்தால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

எந்தக் கறைக்கு எந்த மருந்து, ஒரு வாளிக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பதெல்லாம் இதில் இல்லை. அதெல்லாம் போத்தலின் முதுகில் எழுதியிருக்கிறது. உங்கள் கைபேசியில் அதைவிட விளக்கமாகப் படமே ஓடுகிறது. நாங்கள் இரண்டு நாள் நின்று உரஞ்சிய சுவரை நீங்கள் தண்ணீர் பீச்சுகிற மெஷினைக் கொண்டுபோய் இரண்டு மணித்தியாலத்தில் வெளுப்பாக்கிவிடுகிறீர்கள். பிறகு 'முன்னர்', 'பின்னர்' என்று இரண்டு படம் எடுத்துப் போடுகிறீர்கள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் நடப்பது எதுவும் படத்தில் வருவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த நடுவில் நடந்ததுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு மடைத்தனத்தை முதலில் சொல்கிறேன். கரவெட்டியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் வீடு. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர். நான் அதைச் சீமெந்துச் சுவர் என்று நினைத்து, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலிக்குக் கீழே இருந்த துருக்கறைக்கு அசிட்டைப் பூசிவிட்டேன். சோடாப் போத்தலைத் திறந்ததுபோலச் சுவர் நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சாந்தைக் காணவில்லை. உள்ளே இருந்த கல் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு பிடி சீமெந்தை அப்பி மேலே வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் நேரே போய், சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அவர் முன்னால் நின்று, "ஐயா, சுவரைப் பழுதாக்கிப் போட்டன்" என்றேன்.

அரை மணித்தியாலம் ஏச்சு விழுந்தது. எனக்குப் படிப்பித்த வாத்திமாருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. ஏசி முடித்துவிட்டு, "சரி, ஒளிக்காமல் வந்து சொன்னாய். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய்ச் சாந்தைக் குழை" என்றார். பிறகு அவர் சொல்லித்தான் அவருடைய சொந்தக்காரர் வீடுகள் ஐந்தாறு எனக்குக் கிடைத்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிழை செய்தால் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. இருபது வயதில் தெரிந்திருந்தது. அறுபதுக்குக் கிட்டப் போனபோதுதான் மறந்துபோனது. இருபது வயதில் எனக்கு இழப்பதற்குப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. அறுபதில் 'கறையெடுக்கிற அண்ணை' என்று வடமராட்சி முழுக்கத் தெரிந்த ஆளாக இருந்தேன். பெயர் வந்த பிறகுதான் மனிதனுக்குப் பொய் தேவைப்படுகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் உள்ளபடிதான்.

எட்டு ஒன்பது வருடங்களுக்கு முந்திய ஒரு தை மாதக் கடைசி. தொண்டைமானாற்றில் மணியக்காவின் வீடு. கணவர் வாத்தியாராக இருந்து வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் காலமானவர். ஒரே மகள் வதனி. அப்போது முப்பத்து நான்கு வயது. பக்கத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு அவளுக்குத்தான் சீதனம்.

அந்தப் பக்கத்துக் கிணறுகள் உவர். குளிக்கலாம், சட்டி பானை கழுவலாம். தேநீர் வைத்தால் எவ்வளவு சீனி போட்டாலும் கரிக்கும். அதனால் கூரையில் விழுகிற மழையைப் பீலியில் ஏந்தி, குழாய் வழியாகக் குசினிக்குப் பக்கத்தில் உள்ள சீமெந்துத் தொட்டிக்குள் விடுவார்கள். மாரியில் நிரம்புகிற அந்தத் தொட்டியைத்தான் அடுத்த மாரி வரை குடிப்பார்கள். மற்ற இடங்களில் பீலி சுவரைக் காப்பாற்றுகிற ஒரு தகரம். அங்கே அது வீட்டுக்குக் குடிதண்ணீர் வருகிற வழி.

அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் முதல் மழையை அவர்கள் தொட்டிக்குள் விடமாட்டார்கள். குழாயில் ஒரு வளைவுத் துண்டு இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நிலத்தில் ஓடிவிடும். கூரையும் பீலியும் நன்றாகக் கழுவப்பட்ட பிறகு துண்டைத் திரும்ப மாட்டுவார்கள். பீலி கழுவப் போகிற நாங்களும் அப்படித்தான். முதலில் துண்டைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் பீலியில் கை வைக்க வேண்டும்.

மணியக்காவின் வீட்டில் பீலிக்குக் கீழே முன்சுவர் முழுக்கக் கறுத்து வடிந்திருந்தது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க முதல் வீட்டைப் பார்ப்பார்கள். படலைக்குள் நுழையும்போதே கண் கூரைக்குப் போகும், அங்கிருந்து பீலிக்கு, பீலியிலிருந்து சுவருக்கு. முன்பு வந்த இரண்டு இடத்தார் அந்தச் சுவரைப் பார்த்து, "உள்ளுக்கெல்லாம் ஊறியிருக்கும் போல" என்று தங்களுக்குள் கதைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சாதகமோ வேறு எதுவோ காரணமாக இருந்திருக்கலாம். மணியக்காவின் மனதில் மட்டும் அந்தச் சுவர்தான் நின்றது.

"தம்பி, இந்த முறை கோப்பாயிலை இருந்து வருகினம்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னா. "செம்மண் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்த சனம். எங்கடை தண்ணியைக் குடிச்சிட்டு முகம் சுளிக்கக் கூடாதெண்டு தொட்டித் தண்ணியைத் தொடாமல் வைச்சிருக்கிறன். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கிழமையாக் கோயில் குழாயிலை அள்ளித்தான் குடிக்கிறம். இனி உந்தக் கறை ஒண்டுதான். சந்நிதியானே எண்டு அதை எடுத்துத் தந்திடு."

"இந்தச் சுவரிலை கறை இருந்ததெண்டு சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம் அக்கா" என்றேன். என் வாய் எப்போதும் என் கையை விட இரண்டு முழம் நீளம்.

இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் காலையில் நான் மேலே நிற்க, வதனி பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகம் கதைக்கிற பிள்ளை இல்லை. அன்றைக்குத் தானாகவே கதைத்தாள்.

"இந்த முறை சரிவரும் போல கிடக்கு அண்ணை."

"எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு தரம் போனிலை கதைச்சவர். நான் படிப்பிக்கிற பிள்ளையளின்ரை பேரெல்லாம் கேட்டவர். இதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை."

சொல்லிவிட்டு, மேலே பார்த்தால் நான் சிரிப்பேன் என்று தெரிந்து, ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. இந்தச் சுவரை இந்தப் பிள்ளைக்காகவே கண்ணாடி போல ஆக்கித் தர வேண்டும் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. காலையில் கழற்றிய வளைவுத் துண்டை, குழாய் அந்தரத்தில் தொங்கினால் வருகிறவர்களுக்கு அவலட்சணமாகத் தெரியும் என்று, நானே கவனமாகத் திரும்ப மாட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்குத்தான் நல்ல நேரம் பார்த்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போய் நின்று, வருகிறவர்களின் கண்ணால் வீட்டைப் பார்த்தேன். வெயில் சரிந்து சுவரில் அடித்தது. வலது மூலையில், பீலி முடிகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறமாக ஒரு கோடு.

உண்மையைச் சொன்னால், அது கறையே இல்லை. பழைய கறையின் நிழல். அடுத்த மழையில் தானாகவே போயிருக்கும்.

நான் திரும்ப ஏணியைத் தூக்கியபோது வதனி சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "காணும் அண்ணை, இவ்வளவு போதும். உதை ஆர் பாக்கப் போகினம்?" என்றாள்.

"நான் பாப்பன்" என்றேன்.

என்ன கெட்டித்தனமான மறுமொழி! இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. மேலே ஏறி, போத்தலில் மிஞ்சியிருந்த மருந்து முழுவதையும் பீலிக்குள் ஊற்றி, உரஞ்சி, இரண்டு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கோடு போய்விட்டது. இறங்கி, ஒழுங்கைக்குப் போய் மறுபடி பார்த்து, எனக்கு நானே தலையாட்டினேன். வளைவுத் துண்டு ஞாபகத்தில் வரவே இல்லை.

மூன்று மணி போல தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முனையில் வாகனச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மணியக்கா கேத்திலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தொட்டிக் குழாயைத் திறந்தா. அந்த நேரம்தான் தொட்டிக்குள் துளி துளியாக ஏதோ விழுகிற சத்தம் என் காதில் பட்டது. மழை பெய்து மாதம் ஒன்றாகிறது. தலையை நிமிர்த்திக் குழாயைப் பார்த்தேன். துண்டு மாட்டியபடியே இருந்தது.

மணியக்கா கேத்திலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. "தம்பி, ஏதோ மணக்குது. கிணத்துக்கு மருந்து போட்ட மாதிரிக் கிடக்கு. நீ கழுவின தண்ணி இதுக்குள்ளை போகேல்லைத்தானே?"

"இல்லை அக்கா" என்றேன்.

பொய் சொல்வதென்றால் மனிதன் கொஞ்சமாவது யோசிப்பான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யோசனை எதுவும் இருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் மறுமொழி வந்துவிட்டது. வந்த பொய் தனியாகவும் வரவில்லை. "சுவரிலை பூசின மருந்து காத்துக்கு மணக்குது" என்று துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவ என் முகத்தை ஒரு கணம் பார்த்தா. பிறகு, "ஓம், அதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. முப்பது வருடம் பெயரெடுத்த ஆள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரம் நான் இரண்டு எட்டு வைத்துக் குசினிக்குள் போய், "அக்கா, ஊத்திப் போடுங்கோ, நான் பிழை விட்டிட்டன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மணியக்கா என்னை நன்றாக ஏசியிருப்பா. நான் சந்திக் கடைக்குச் சைக்கிளில் போய் நாலு போத்தல் சோடா வாங்கி வந்திருப்பேன். வந்தவர்கள் அதைக் குடித்துவிட்டுப் பெண்ணோடு கதைத்திருப்பார்கள். அவ்வளவுதான். பத்து நிமிட வெட்கம். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? ஏணியைச் சத்தமில்லாமல் சாத்தி, அந்த வளைவுத் துண்டைக் கழற்றினேன். பிறகு யாராவது பார்த்தால், அது கழற்றித்தான் இருந்தது என்று சொல்லலாம் அல்லவா. கொதிக்க வைத்த தண்ணீர்தானே, கொதித்தால் மருந்தெல்லாம் போய்விடும் என்று மனதுக்குள் ஒரு வைத்தியனும் கதைத்துக்கொண்டிருந்தான். அந்த மருந்து அவ்வளவு தண்ணீரில் கலந்தால் மனிதருக்கு என்ன செய்யும் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

விறாந்தையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு வயதான குரல், மாப்பிள்ளையின் தகப்பனாருடையது, "பிள்ளை, தேத்தண்ணி பிறகு குடிப்பம். எனக்குக் கொஞ்சம் பச்சைத் தண்ணி தாரும், குளிசை போட வேணும்" என்று கேட்டது. வதனி செம்போடு குசினிப் பக்கம் வந்து தொட்டிக் குழாயைத் திறப்பதை ஏணியில் நின்றபடி பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை. இறங்கி ஓடினேன். ஈரக் காலோடு, இடுப்பில் கட்டிய, மருந்து நாறுகிற சாரத்தோடு விறாந்தைக்குள் போய், "ஐயா, குடியாதேங்கோ! தொட்டிக்குள்ளை மருந்துத் தண்ணி விழுந்திட்டுது!" என்று கத்தினேன். கிழவர் செம்பை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே வைத்தார். மாப்பிள்ளையின் தாயார் தேநீரை ஒரு வாய் குடித்திருந்தா. கையிலிருந்த கோப்பையைப் பார்த்தா, பிறகு மெல்லக் கீழே வைத்தா. மாப்பிள்ளை எழும்பி, "அம்மா, ஏதும் செய்யுதோ?" என்று தாயின் தோளைப் பிடித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

கூட வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மணியக்காவைப் பார்த்துத் திரும்பினார். "இப்பிடி மணக்குது. தேத்தண்ணி வைக்கேக்கை உங்களுக்குத் தெரியேல்லையோ அம்மா?"

மணியக்கா என்னைப் பார்த்தா.

இரண்டாவது தடவையும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. "அவ கேட்டவ ஐயா. நான்தான் இல்லையெண்டு பொய் சொன்னனான்" என்று ஒரு வசனம். ஓடி வந்து கத்தத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குத் தடிமன்" என்றா மணியக்கா. "மூக்கடைச்சுக் கிடக்கு, மணம் தெரியேல்லை."

தாய்மாமன் எழும்பி முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "சுவரும் இண்டைக்குத்தான் கழுவினதோ?" என்று கேட்டார். எவ்வளவு கெட்டித்தனமாக நான் கழுவியிருந்தேனோ அவ்வளவுக்கு அந்தச் சுவர் இப்போது எதையோ மறைக்கிற சுவராகத் தெரிந்தது. மரியாதையாகத்தான் போனார்கள். "பேந்து அறிவிக்கிறம்" என்றார்கள். பிறகு சொல்கிறோம் என்று போனால் இனி வரமாட்டார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வதனி கதவோரத்தில் பலகாரத் தட்டைப் பிடித்தபடி வாகனம் திரும்புகிற வரைக்கும் நின்றாள்.

மூன்றாம் நாள் கலியாணத் தரகர் வந்து சொன்னார். "தண்ணியிலை மருந்து விழுந்தது ஒரு பெரிய விசயமில்லையாம். தெரிஞ்சுகொண்டும் தேத்தண்ணி தந்த வீடு, சுவரைக் கழுவிக் காட்டின வீடு, இன்னும் என்னத்தை மறைக்குதோ எண்டு பயப்பிடுகினம்."

தொட்டியை வெறுமையாக்க எனக்கும் வதனிக்கும் ஒரு பகல் முழுக்கச் சென்றது. ஒரு மாரித் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக அள்ளி வேலியோரம் ஊற்றினோம். அடுத்த மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் நான் நல்ல தண்ணீர் இரண்டு கான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். வேலைக்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும், விட்ட பிழைக்கு எப்படி உழைக்கிறான் பார் என்றார்கள். எனக்கு அதுவும் இனிக்கத்தான் செய்தது. இரண்டு கான் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒரே ஒரு வசனத்தைக் கொண்டுபோகத்தான் முடியவில்லை.

ஒரு ஞாயிறு, வதனி கோயிலுக்குப் போயிருந்த நேரம், மணியக்காவிடம் கேட்டேன். "அக்கா, என்னைக் கேட்டனீங்கள் எண்டு அவையிட்டைச் சொல்லியிருக்கலாமே. ஏன் தடிமன் எண்டு சொன்னனீங்கள்?"

அவ முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லி? ஒரு பொய்காரனை நம்பித்தான் தேத்தண்ணி வைச்சனான் எண்டு வந்த சனத்துக்கு முன்னாலை சொல்லுறதோ? எங்கடை மானம் எப்பிடியும் போச்சு. உன்ரை பிழைப்பாவது மிஞ்சட்டும் எண்டு விட்டன்." அடுத்த காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "வதனிக்கு உதைச் சொல்லிப் போடாதை. அவள் உன்னை அண்ணை எண்டு கூப்பிடுறவள்" என்றா.

அந்தத் தடையை நான் எவ்வளவு நன்றியோடு பிடித்துக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனி நானாக மறைக்கவில்லை, அக்கா சொன்னதற்காக மறைக்கிறேன். மனச்சாட்சிக்கும் ஒரு பின்வாசல் வேண்டும்தானே. அந்த வாசலால் எட்டு வருடம் போய் வந்தேன். வதனிக்கு வேறு இடங்களும் வந்தன. ஒன்றும் சரிவரவில்லை. பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாளாம். அந்தக் கோப்பாய் மாப்பிள்ளை அடுத்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பிழை விடாதேங்கோ என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏணியில் ஏறுகிறவன் பிழை விடுவான். யாராவது வந்து உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், மறுமொழி சொல்ல முதல் ஒரு மூச்சு எடுங்கள். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பிந்தித்தான் உண்மையைச் சொல்ல நேர்ந்தாலும், சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். பாதியைச் சொன்னால் மற்றப் பாதியை வேறு யாரோ ஒருவர் தலையில் சுமக்க வேண்டும். அது யார் என்று உங்களுக்குத் தெரியவும் வராது. எனக்குத் தெரிய வந்தது போன வருடம்தான்.

போன வருடம் மணியக்கா காலமானா. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, வளவின் பின்பக்கத்தில் வதனி பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். தலையில் பாதி நரைத்துவிட்டது அவளுக்கு.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே? ஒருத்தருக்கும் சொன்னதில்லை" என்றாள். "அண்டைக்கு அம்மாவுக்குத் தடிமன் இருக்கேல்லை. மத்தியானம் மல்லிகைப்பூவை மணந்து பாத்திட்டு, 'நல்ல வாசம் பிள்ளை' எண்டு அவவே என்ரை தலையிலை வைச்சு விட்டவ. ஒரு மணித்தியாலம் கழிச்சு மணம் தெரியேல்லை எண்டு சொன்னா."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணை. தெரிஞ்சுதான் அந்தத் தண்ணியிலை தேத்தண்ணி வைச்சிருக்கிறா. நான் கோப்பாய்க்குப் போனால் தான் தனிச்சுப் போவன் எண்டு பயந்திருப்பா. எனக்கு விளங்குது. கோபமெண்டு இல்லை. ஆனா அதுக்குப் பிறகு அவவோடை மனம் விட்டு ஒரு கதை கதைக்க என்னாலை ஏலாமல் போச்சு. சோறு குடுத்தன், மருந்து குடுத்தன், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனன். கதைக்கேல்லை."

எட்டு வருடம். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர். ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அதிகம் கதைக்காததைப் பார்த்து, அமைதியான வீடு என்று நினைத்திருக்கிறேன்.

சொன்னேன். கேத்திலோடு மணியக்கா வந்து நின்றதை, கேட்டதை, நான் சொன்ன மறுமொழியை, பிறகு துண்டைக் கழற்றியதை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை, அவ முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அந்த அழுகையால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

வதனி ஏசவில்லை. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். அம்மா படுத்திருந்த அறையின் யன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன மாசம் சொல்லியிருந்தாலும் காணுமே அண்ணை" என்றாள். "நான் அவவோடை கொஞ்சம் வடிவாக் கதைச்சிருப்பன்."